பூவாது காய்க்கும் மரம்: ‘கோளி’ வகைப்பாடும் அத்தியின் இனப்பெருக்க முறையும்

ஆய்வுச் சுருக்கம்

மலரைப் புறத்தே காட்டாமல் காய்க்கும் மரங்களைத் தமிழ் மரபு ‘கோளி’ எனத் தனியொரு வகையாகக் கொண்டது. ஆல், அரசு, அத்தி, பலா ஆகியவை இவ்வகையுள் அடங்கும். இச்சொல்லுக்கு இன்று தரப்படும் விளக்கங்கள் இரு முனைகளில் நிற்கின்றன. ஒரு சாரார் இதனைப் பண்டையோரின் அறியாமை என்கின்றனர். மற்றொரு சாரார் இதனுள் இன்றைய அறிவியல் முழுவதையும் காண்கின்றனர். பூக்கும் தாவரங்களின் இனப்பெருக்கம் அத்தியில் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை விளக்கி, அதன்வழிக் கோளி என்னும் வகைப்பாட்டின் பொருளையும் எல்லையையும் வரையறுக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

திறவுச்சொற்கள்: கோளி, அத்தி, அத்திக்குளவி, மகரந்தச் சேர்க்கை, இரட்டைக் கருவுறுதல், பலா.

முன்னுரை

அத்தியைப் பற்றித் தமிழ் மக்களிடையே இரண்டு வழக்குகள் உள்ளன. காண்பதற்கு அரிய ஒன்று நிகழுமாயின் ‘அத்தி பூத்தாற்போல’ என்பர். புறத்தோற்றம் அழகாக இருந்து உள்ளே குறையுடைய ஒன்றைச் சுட்ட, பிட்டுப் பார்த்தால் உள்ளே புழுவே நிறைந்த அத்திப் பழத்தை உவமையாக்குவர். முதல் வழக்கு பூவைப் பற்றியது. இரண்டாவது பூச்சியைப் பற்றியது. இரண்டும் ஒரே மரத்தை ஊன்றி நோக்கியதால் பிறந்தவை. ஆயினும் இவற்றை இணைத்துப் பார்க்கும் வழக்கம் ஏற்படவில்லை. அத்தியின் பூவைக் காண முடியாமைக்கும் அதன் கனியுள் பூச்சி இருப்பதற்கும் காரணம் ஒன்றே என்பது தாவரவியல் கூறும் செய்தியாகும்.

கோளி: நூல் வழக்கு

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் கச்சி மூதூரைச் சிறப்பிக்கும் இடத்தில் கோளி என்னும் சொல் வருகின்றது. கோளி மரங்களுள் பழத்தால் மேம்பட்டது பலா. அதுபோல ஊர்களுள் மேம்பட்டது கச்சி என்பது அங்குள்ள உவமை. புறநானூற்று 58-ஆம் பாடலில் ‘கோளி’ என்பது ஆலமரத்துக்கு அடையாக நிற்கின்றது. முதன்மைத் தண்டு அழிந்த பின்னும் விழுதுகள் தாங்க நிலைபெறும் ஆல், முன்னோர் மறைந்த பின் குடியைத் தாங்கும் பாண்டியனுக்கு உவமையாகின்றது. நல்வழியிலும், ஏவாமலே உணர்ந்து செயற்படும் மாந்தருக்குப் பூவாமலே காய்க்கும் மரம் உவமையாக வந்துள்ளது.

இவ்விடங்களை ஒருசேர நோக்கும்போது ஒரு செய்தி புலப்படுகின்றது. கோளி என்பது ஒரு மரத்தின் பெயரன்று. பல மரங்களை உள்ளடக்கிய வகையின் பெயர். பெரும்பாணாற்றுப்படை, கோளி மரங்களுள் பலாவை வேறுபடுத்திச் சொல்வதால் இது தெளிவாகின்றது. இவ்வகைப்பாடு தமிழுக்கு மட்டும் உரியதும் அன்று. வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதையும் பூவின்றிக் காய்ப்பவற்றை ‘வனஸ்பதி’ எனத் தனியே பிரித்துள்ளது. இரண்டிற்கும் உள்ள உறவு தனி ஆய்வுக்குரியது.

இவ்வகையுள் சொல்லப்படும் ஆல், அரசு, அத்தி ஆகிய மூன்றும் இன்றைய வகைப்பாட்டில் ஃபைக்கஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. பலா ஆர்ட்டோகார்ப்பஸ் பேரினத்தைச் சார்ந்தது. இவ்விரு பேரினங்களும் மோரேசி என்னும் ஒரே குடும்பத்தில் அடங்குகின்றன. கண்ணால் கண்ட ஓர் இயல்பைக் கொண்டு அமைத்த தொகுதி, பிற்கால வகைப்பாட்டின் குடும்ப எல்லைக்குள் அமைந்திருப்பது கருதத்தக்கது. ஆனால் இதனைக் கொண்டு பண்டையோர் தாவரக் குடும்பம் என்னும் கருத்தை அறிந்திருந்தனர் எனக் கூறுவது சான்றுக்கு மிஞ்சியதாகும்.

பூவின் தொழில்

கோளி வகையை விளங்கிக்கொள்ள, பூ என்பது எதற்காக என்னும் வினாவிலிருந்து தொடங்க வேண்டும். வழக்கில் பூ என்றால் இதழ், நிறம், மணம். தாவரவியலில் இதழ் பூவின் இன்றியமையா உறுப்பன்று. மகரந்தத்தைத் தரும் ஆணுறுப்பும் சூலைத் தாங்கும் பெண்ணுறுப்புமே பூவின் தொழிலைச் செய்வன. இவ்விரண்டும் ஒரே பூவில் இருக்கலாம். தனித்தனிப் பூக்களில் இருக்கலாம். பனையைப் போலத் தனித்தனி மரங்களிலும் இருக்கலாம். தாவரங்களுக்கும் பாலினம் உண்டு என்பதை ஐரோப்பாவில் சோதனைவழி நிறுவியவர் ருடால்ஃப் காமராரியஸ். அவர் 1694-இல் அதனை வெளியிட்டார்.

மகரந்தத்தூள் சூல்முடியில் படிவது தொடக்கம் மட்டுமே. அங்கு ஈரத்தை உறிஞ்சி முளைக்கும் தூள், ஒரு நுண்குழலை வெளிவிடுகின்றது. இக்குழல் சூல்தண்டின் திசுவினூடே வளர்ந்து சூற்பையை அடைகின்றது. இத்தாலியரான ஜியோவன்னி பட்டிஸ்டா அமிச்சி இக்குழலை முதன்முதலில் கண்டு 1824-இல் பதிவு செய்தார். அவர் கண்டது வேறெங்குமன்று, நம் வயல் வரப்புகளில் முளைக்கும் பருப்புக்கீரையின் பூவில்தான். குழலின்வழி இரண்டு ஆண் பாலணுக்கள் சூலுக்குள் செல்கின்றன. ஒன்று அண்டத்துடன் சேர்ந்து கருவாகின்றது. மற்றொன்று கருப்பையின் நடுவிலுள்ள இரண்டு துருவ உட்கருக்களுடன் சேர்ந்து, கருவுக்கு உணவாகும் முளைசூழ்தசையைத் தோற்றுவிக்கின்றது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-இல் செர்கே நவாஷின் கண்டறிந்தார். பூக்கும் தாவரங்களின் தனிச்சிறப்பாகிய இந்நிகழ்வுக்கு இதழோ நிறமோ தேவையில்லை. மகரந்தம் சூல்முடியைச் சேர ஒரு வழி இருந்தால் போதும்.

அத்தியின் உள்ளே

அத்தி, அதாவது ஃபைக்கஸ் ரெசிமோசா, அடிமரத்திலும் பருங்கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்ப்பது. நாம் ‘காய்’ என அழைக்கும் அவ்வுருண்டை, தொடக்க நிலையில் காயன்று. அது ஒரு பூங்கொத்து. பூக்களைத் தாங்கும் காம்பு பருத்து, கிண்ணம்போல் குழிந்து, விளிம்புகள் ஒன்றுகூடி மூடிக்கொண்ட நிலையே அவ்வுருண்டை. சூரியகாந்தியின் தட்டை உள்நோக்கி மடித்துப் பைபோல் சுருட்டினால் எவ்வாறு இருக்குமோ அவ்வாறு எனலாம். பாடநூல்கள் இதனை ஹைப்பந்தோடியம் என்கின்றன. அதன் உட்சுவர் முழுவதும் மிகச் சிறிய பூக்கள் நிறைந்துள்ளன. ஓர் அத்தியில் அவற்றின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் அமையும். உருண்டையின் நுனியில் செதில்களால் அடைபட்ட ஒரு சிறு வாய்த்துளை உண்டு. உள்ளே செல்லும் வழி அது ஒன்றே.

ஆகவே அத்தி பூப்பது அரிய நிகழ்வன்று. ஆண்டுக்குப் பலமுறை, ஒவ்வொரு முறையும் எண்ணற்ற பூக்களை அது பூக்கின்றது. காணும் கண்ணுக்கு அது காய்ப்பதாகத் தோன்றுகின்றது.

உள்ளே பெண்பூக்கள் முதலில் முதிர்கின்றன. ஆண்பூக்கள் முதிர்வதற்குப் பல வாரங்கள் ஆகும். எனவே ஓர் அத்தியின் மகரந்தம் அதே அத்தியின் சூலுக்குப் பயன்படாது. மூடிய அறைக்குள் வெளியிலிருந்து மகரந்தம் வந்தாக வேண்டும். காற்றாலோ வண்டாலோ தேனீயாலோ இயலாத இப்பணியைச் செய்வது ஏறத்தாழ 2 மி.மீ. நீளமே உடைய அத்திக்குளவி. நம் அத்திக்கு உரிய குளவி செரட்டோசோலன் ஃபுசிசெப்ஸ். ஆலுக்கு யூப்ரிஸ்டினா மசோனியும் அரசுக்குப் பிளாட்டிஸ்காபா குவாட்ராட்டிசெப்ஸும் உரியவை. உலகெங்கும் 750-க்கு மேற்பட்ட ஃபைக்கஸ் இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தத்தமக்கு உரிய ஒன்றிரண்டு குளவி இனங்களையே நம்பியுள்ளன.

பெண்பூக்கள் முதிர்ந்ததும் அத்தி தன் இனத்துக்கே உரிய மணத்தை வெளிவிடுகின்றது. அம்மணத்தைப் பற்றி வரும் பெண்குளவி, வாய்த்துளையின் செதில்களுக்கிடையே தன்னைத் திணித்துக்கொண்டு நுழைகின்றது. அந்நெருக்கத்தில் அதன் சிறகுகளும் உணர்கொம்புகளின் பகுதிகளும் முறிந்துபோகின்றன. மீண்டும் வெளிவருவதற்கு அதற்கு வழியில்லை. உள்ளே அது இரு செயல்களைச் செய்கின்றது. தன் மார்பிலுள்ள சிறு பைகளில் கொண்டுவந்த மகரந்தத்தைக் கால்களால் எடுத்துச் சூல்முடிகளின்மீது இடுகின்றது. முட்டையிடும் குழலைச் சூல்தண்டின் வழியே செலுத்திச் சூலினுள் முட்டையும் இடுகின்றது. மகரந்தம் தற்செயலாக ஒட்டிவந்து உதிர்வதாகவே நெடுநாள் கருதப்பட்டது. குளவி அதனைத் திரட்டிப் பையில் இட்டு எடுத்துவருகின்றது என்பது 1960-களின் இறுதியில்தான் வெளிப்பட்டது. இவ்வாறு செய்வதால் குளவிக்கும் நன்மை உண்டு. பல இனங்களில் கருவுற்ற பூவில் உருவாகும் முளைசூழ்தசையே அதன் புழுவுக்கு உணவாகின்றது.

இங்குப் பாடநூல்களில் திருத்தப்பட வேண்டிய கருத்து ஒன்றுள்ளது. அத்தியினுள் ஆண்பூ, பெண்பூ, குளவி வளர்வதற்கென்றே அமைந்த மலட்டுப்பூ என மூவகைப் பூக்கள் இருப்பதாக அவை கூறுவதுண்டு. அத்தி, ஆல், அரசு போன்று ஒரே உருண்டையில் இருபாலும் அமைந்த இனங்களில் இப்பாகுபாடு பொருந்தாது. அங்குப் பெண்பூக்களின் சூல்தண்டு குட்டையிலிருந்து நெட்டை வரை படிப்படியாக வேறுபடுகின்றது. குளவியின் முட்டைக்குழல் எளிதில் எட்டும் குட்டைத்தண்டுப் பூக்கள் பெரும்பாலும் குளவியின் தொட்டிலாகின்றன, எட்டாதவை விதையாகின்றன. மலடாகப் பிறந்த பூ அங்கில்லை. முட்டை இடப்படாதிருந்தால் அதே பூ விதை தரும் ஆற்றலுடையது.

முட்டையிட்ட குளவி அங்கேயே இறக்கின்றது. சில வாரங்களில் புழுக்கள் வளர்ந்து குளவிகளாகின்றன. முதலில் வெளிவருபவை சிறகற்ற ஆண்கள். அவை, இன்னும் பூவுக்குள் அடைபட்டிருக்கும் பெண்குளவிகளைத் தேடிப் புணர்கின்றன. பின் அத்தியின் சுவரைத் துளைத்து வழி அமைக்கின்றன. அவற்றின் வாழ்வு அவ்வளவே. இதே வேளையில் ஆண்பூக்களும் முதிர்ந்து மகரந்தப்பைகள் ஆயத்தமாகின்றன. வெளிவரும் பெண்குளவிகள் மகரந்தத்தைத் திரட்டிக்கொண்டு, ஆண்கள் அமைத்த வழியே பறக்கின்றன. ஓரிரு நாள் வாழ்வுக்குள் அவை பெண்பூ முதிர்ந்த மற்றோர் அத்தியைக் கண்டடைய வேண்டும். குளவிகள் நீங்கிய பின்னரே அத்தி பழுக்கின்றது, நிறம் பெறுகின்றது, பறவையையும் வௌவாலையும் அழைக்கின்றது.

பழத்தைப் பிட்டால் புழு என்னும் வழக்கை இப்போது மறுநோக்கு நோக்கலாம். பழுத்த அத்தியில் எஞ்சுபவை இறந்த ஆண்குளவிகளும் வெளியேறத் தவறிய சில பெண்குளவிகளும் ஆகும். இவற்றுடன் பிற பூச்சிகளும் இருக்கும். வெளியிலிருந்தே நீண்ட முட்டைக்குழலால் சுவரைத் துளைத்து முட்டையிடும், மகரந்தச் சேர்க்கை செய்யாத குளவிகளும் அவற்றுள் அடங்கும். எல்லாப் பூச்சியும் துணைவன் அல்ல. ஆனால் பழமொழி குறையாகக் கண்ட பூச்சிகளுள் ஒரு பகுதி, அப்பழத்தினுள் விதை உண்டாவதற்கே காரணமானது.

பேயத்தியின் வேறுபாடு

ஃபைக்கஸ் இனங்களுள் ஏறத்தாழப் பாதி இருவேறு மரங்களாகப் பிரிந்து இயங்குகின்றன. ஆற்றங்கரைகளிலும் தோப்பு ஓரங்களிலும் காணப்படும் பேயத்தி, அதாவது ஃபைக்கஸ் ஹிஸ்பிடா, இத்தகையது. ஒரு மரம் குளவியையும் மகரந்தத்தையும் மட்டும் தருகின்றது. மற்றொன்று விதையை மட்டும் தருகின்றது. விதை தரும் மரத்தின் அத்திக்குள் நுழையும் குளவிக்கு அங்குள்ள எல்லாப் பூக்களும் நெட்டைத்தண்டு உடையனவாகவே அமைகின்றன. அது மகரந்தத்தை இடுகின்றது. முட்டையிட இயலாமல் சந்ததியின்றி மடிகின்றது. நுழையும் முன் இரு மரங்களையும் வேறுபடுத்தி அறிய அதனால் இயல்வதில்லை. இதனை ‘ஒன்றுக்கொன்று உதவும் வாழ்வு’ என்று மட்டும் விளக்கும் நூல்கள் இக்கூற்றை விட்டுவிடுகின்றன.

மேற்றிசை அனுபவம்

கிரேக்க நாட்டு உழவர், சீமையத்தி மரங்களில் காட்டத்தியின் காய்களைக் கோத்துத் தொங்கவிடும் வழக்கத்தைப் பழங்காலத்திலேயே கைக்கொண்டிருந்தனர். காட்டத்தியிலிருந்து வெளிவரும் சிறு பூச்சிகள் நல்ல அத்தியின் காய் உதிராமல் காக்கின்றன என்பதைத் தியோபிராஸ்டஸ் பதிவு செய்துள்ளார். மகரந்தம் என்னும் கருத்து அவர்களிடம் இல்லை. எனினும் பூச்சிக்கும் காய்க்கும் உள்ள தொடர்பைச் செயலளவில் கண்டிருந்தனர். பழத்துக்காக அத்தியைப் பயிரிட்டோருக்கு அத்தொடர்பைக் காண வேண்டிய தேவை இருந்தது. நம் அத்தியோ தானே காய்த்தது. கிரேக்கரிடம் பிறந்த கேள்வி இங்குப் பிறவாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அத்தேவையின் அருமையைக் கலிஃபோர்னியா வேறு வகையில் உணர்ந்தது. 1880-களில் துருக்கியின் சிமிர்னாப் பகுதி அத்தி மரங்கள் அங்குக் கொண்டுவரப்பட்டன. மரங்கள் செழித்தன; காய்கள் மட்டும் முதிராமல் உதிர்ந்தன. ஃபிரெஸ்னோவில் ஜார்ஜ் ரோடிங் என்பவர் கையால் மகரந்தம் செலுத்திக் காய் நிற்பதைக் காட்டினார். பின்னர் பிளாஸ்டோஃபேகா சீனெஸ் என்னும் குளவி கொண்டுவரப்பட்டு 1899-இல் நிலைபெற்றது. அதன் பின்னரே அங்கு அவ்வத்தி வணிகப் பயிராயிற்று. கலிஃபோர்னியா, சிமிர்னா என்னும் இரு பெயர்களையும் இணைத்து ‘கலிமிர்னா’ என்று அதற்குப் பெயரிட்டனர். கருவுறாமலே கனியும் சீமையத்தி வகைகளும் உள்ளன. அவற்றுக்குக் குளவி வேண்டுவதில்லை.

பலா

பலாவை அத்தியோடு ஒரே வகையில் வைத்தது பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். பலாவின் பூக்கள் மூடிய அறைக்குள் இல்லை. கதிர்போன்ற திரளின் புறத்தேதான் அமைந்துள்ளன. ஆனால் இதழ் இல்லை, நிறம் இல்லை. ஆண்திரள் மகரந்தம் உதிர்த்த பின் கருத்து விழுந்துவிடுகின்றது. காண்போர் அதனைப் பிஞ்சு உதிர்ந்ததாகவே கருதுவர். பெண்திரள் தொடக்கத்திலிருந்தே சிறு பலாக்காயின் தோற்றம் உடையது. ஆகவே பூவைக் கண்டும் பூவென்று அறியாத நிலை இங்கு ஏற்படுகின்றது.

பலாப்பழத்தை அறுக்கும் எவரும் அதன் பூக்களை எண்ணிவிடலாம். ஒவ்வொரு சுளையும் கருவுற்ற ஒரு பெண்பூ. கொட்டையைச் சூழ்ந்த சதை அப்பூவின் பூவுறை. சுளைகளுக்கிடையே நாராகக் கிடக்கும் சக்கை, கருவுறாத பூக்களின் பூவுறை. சுளை மிகுந்து சக்கை குறைந்த பழம், மகரந்தச் சேர்க்கை நன்கு நடைபெற்ற பழம். பலாவின் நெருங்கிய இனமாகிய செம்பெடாக் என்னும் மரத்தை ஆராய்ந்தோர், அதன் ஆண்திரளில் வளரும் பூஞ்சையை உண்ண வரும் சிறு ஈக்களே மகரந்தத்தைப் பரப்புவதை மலேசியாவின் சரவாக் காடுகளில் கண்டு 2000-இல் வெளியிட்டனர். பூஞ்சை, ஈ, மரம் ஆகிய மூன்றும் இணைந்த ஏற்பாடு இது.

கோளியின் பொருள்வரையறை

இவற்றைக் கொண்டு நோக்கும்போது, கோளி என்பதற்குப் ‘பூவே இல்லாத மரம்’ எனப் பொருள் எழுதுவது பிழையாகும். பூக்கும் தாவரம் எதுவும் பூவின்றிக் காய்ப்பதில்லை. ஆயினும் ‘பூத்தல்’ என்னும் வினை தமிழில் வெளிப்படத் தோன்றுதலையும் குறிக்கும் சொல். மின்மினி பூப்பதும் வியர்வை பூப்பதும் நீறு பூப்பதும் அவ்வழக்கே. அப்பொருளில் அத்தி உண்மையிலேயே பூப்பதில்லை. எனவே ‘பூ வெளித்தோன்றாது காய்க்கும் மரம்’ என்று அகராதிகளும் பாடநூல்களும் விளக்குவது சொல்லுக்கும் மரத்துக்கும் ஒருங்கே பொருந்தும். அதே வேளையில், குளவியின் பங்கைச் சங்க நூல்கள் குறிப்பாகவேனும் சுட்டியதற்கு மேற்கண்ட இடங்களில் சான்றில்லை. கண்ணுக்குப் புலப்பட்டதை அவை செம்மையாகப் பதிவு செய்தன என்பதோடு நிறுத்திக்கொள்வதே அவற்றுக்குச் செய்யும் நேர்மை.

இவ்விளக்கம் சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. ஓரிரு நாளே வாழும் குளவி, பெண்பூ முதிர்ந்த அத்தியைக் கண்டடைய வேண்டுமாயின், ஒரு வட்டாரத்தில் வெவ்வேறு காலங்களில் காய்க்கும் பல மரங்கள் இருந்தாக வேண்டும். தொலைவு ஒருபுறம் தடையன்று. நமீபியப் பாலைவனத்தில் இக்குளவிகள் காற்றின் போக்கில் 160 கி.மீ. வரை மகரந்தத்தைச் சுமந்து சென்றமை மரபணு ஆய்வால் 2009-இல் நிறுவப்பட்டுள்ளது. காலமே தடை. காய்க்கும் மரங்களின் தொடரில் இடைவெளி நேர்ந்தால் அவ்வட்டாரக் குளவி அற்றுப்போகும். எஞ்சிய மரங்கள் பசுமையாக நின்றும் விதை தாரா. சாலை விரிவாக்கத்துக்கென வெட்டப்படும் முதிர்ந்த ஆலுக்கு ஈடாகப் பத்துக் கன்றுகளை நடுவதாகக் கணக்கு எழுதப்படுகின்றது. அக்கன்றுகள் காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை அக்கணக்கில் குளவிக்கு இடமில்லை.